நான் பச்சை பூசிய வீடுகள்

உங்களில் பாதிப்பேர் இதை அம்மாவிடம் நீட்டி, வாசித்துச் சொல்லச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாமார் நன்றாகக் குரலை உயர்த்தியே வாசிக்கட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. லண்டன் கவுன்சில்களில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக மலர் ஒன்று போடுகிறோம், ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். "அங்கிள், உங்கட கெரியர்ல நீங்கள் ப்ரவுடா ஃபீல் பண்ணின ஒரு மொமன்ற் எழுதுங்கோ" என்று தொலைபேசியில் ஒரு பிள்ளை சொன்னாள். அப்படி ஒன்று இருக்கிறது. அந்தப் பெருமை ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரம் மட்டும் நின்றது. அதற்குப் பிறகு இன்றுவரை இருப்பது வெட்கம். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் இருபத்தேழு வருடம் ஒரு கவுன்சிலின் வரைபடப் பிரிவில் இருந்தவன். எந்தக் கவுன்சில் என்று கேட்காதீர்கள். லண்டனில் முப்பதுக்கு மேல் இருக்கின்றன, உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். குப்பை வண்டி போகும் வழியிலிருந்து மரம் வெட்டும் அனுமதிவரை எல்லாவற்றுக்கும் படம் கீறிக் கொடுப்பது எங்கள் வேலை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதில் ஒரு பெரிய வேலை வரும். அதுதான் வட்டார எல்லைத் திருத்தம்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கவுன்சில் பகுதி வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு வட்டாரமும் தன் கவுன்சிலர்களைத் தெரிவு செய்யும். சனம் கூடிக் குறைய எல்லைகளையும் திருத்த வேண்டும். இறுதி முடிவு எடுப்பது கட்சி சாராத ஒரு ஆணையம். ஆனால் முதல் திட்டத்தைக் கவுன்சிலும் எழுதி அனுப்பலாம். அந்தத் திட்டத்தை எழுதுபவர்கள் ஆளும் கட்சிக்காரர், கோட்டைக் கீறிக் கொடுப்பவர்கள் எங்களைப் போன்ற சம்பளக்காரர். எந்த வீடு யாருக்கு வாக்குப் போடும் என்று தெரிந்து கோடு போட்டால் தேர்தலுக்கு முன்பே தேர்தல் முடிந்துவிடும். அமெரிக்காவில் இதற்காக நீதிமன்றங்களில் மல்லுக்கட்டுவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இங்கே அப்படியெல்லாம் நடக்காது என்று நானும் பல காலம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

எங்கள் கவுன்சிலின் தெற்கு மூலையில் ஒரு வட்டாரம் அந்த நேரம் ஆளும் கட்சிக்குப் பெரிய தலையிடியாக இருந்தது. அங்கே கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு பழைய மண்டபம். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்குமான பகல் பராமரிப்பு நிலையம் அதில் நடந்தது. எல்லோரும் 'சென்ரர்' என்றுதான் சொல்வார்கள். அதை மூடி நிலத்தை விற்கக் கவுன்சில் முடிவு செய்திருந்தது. அதை எதிர்த்து, ஓய்வுபெற்ற ஆசிரியையான ஒரு வெள்ளைக்கார அம்மா எந்தக் கட்சியும் இல்லாமல் தனியாக நின்று வென்றுவிட்டார். சுற்றியிருந்த வீதிகளில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் ஏறக்குறைய முழுவதுமாக அவருக்கே வாக்களித்திருந்தன. அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று கேள்வி கேட்டு, பத்திரிகைக்கு எழுதி, விற்பனையைத் தள்ளிப் போட வைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வீதிகளில் ஒன்றின் முனையில் ஒரு கடை. மீன், மரக்கறி, அரிசிமா, கருவாடு எல்லாம் இருக்கும். நடத்தியவர் யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த ஒரு பெண். பத்து வருடம் பிரான்சில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணை என்பார், யாருக்கு வயது கூட என்று இருவருமே கேட்டதில்லை. அவருடைய கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. காலையில் அவரைச் சென்ரரில் விட்டுவிட்டு வந்துதான் அக்கா கடையைத் திறப்பார். சென்ரர் இல்லாவிட்டால் ஒன்றில் கடை, அல்லது கணவர். இரண்டையும் ஒருவரால் பார்க்க முடியாது. சனிக்கிழமைகளில் நான் குடியிருக்கும் சட்டனிலிருந்து வந்து அவரிடம்தான் மீன் வாங்குவேன்.

இனி அந்தப் பெருமைக்குரிய மத்தியானத்துக்கு வருகிறேன்.

எங்கள் பிரிவுத் தலைவர் மோசமான மனிதர் அல்ல. என்னை நேர்முகத்தில் தெரிவு செய்தவர் அவர். அந்தக் கட்டடத்தில் என் பெயரை முழுவதுமாகச் சொல்லப் பழகிக்கொண்ட ஒரே ஆளும் அவர்தான். அவர் ஒருநாள் மத்தியானம் வாக்காளர் பெயர்ப் பட்டியலான இடாப்பின் சில பக்கங்களோடு என் மேசைக்கு வந்தார். அந்தத் தெற்கு வட்டாரத்தின் பக்கங்கள். நீளமான குடும்பப் பெயர்களையெல்லாம் மஞ்சள் மையால் தடவி வைத்திருந்தார். இவர்களெல்லாம் உங்கள் ஆட்கள்தானே என்று கேட்டார்.

நான் பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டேன். இரண்டு கிரேக்கக் குடும்பங்கள், ஒரு மடகஸ்கார் குடும்பம், நாலைந்து சிங்களவர், சில தெலுங்குக்காரர், எல்லோரையும் தமிழராக்கி வைத்திருந்தார். நடுவில் நல்ல சுத்தமான தமிழர் பலர், பெயர் கட்டையாக இருந்த ஒரே குற்றத்துக்காக, விடுபட்டுப் போயிருந்தார்கள். எதற்கு இது என்று நான் கேட்டிருக்க வேண்டும். இடாப்பை எடுத்து இன்னார் இன்ன இனம் என்று தரம் பிரிப்பது எங்கள் வேலையல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "இதை என்னிடம் தாருங்கள், நான் ஒழுங்காகச் செய்து தருகிறேன்" என்றேன்.

அவர் அவ்வளவு கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். ஒரு பெரிய தாளில் வரைபடத்தை அச்சடித்து, பச்சைப் பென்சிலை எடுத்து, சாண்ட்விச்சைக் கடித்தபடி வீடு வீடாகப் பூசினேன். பெயரை மட்டும் பார்த்துப் பூசவில்லை. யார் வீட்டுப் பிள்ளை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறது, யார் கோயில் திருவிழாவுக்கு உபயம் செய்கிறவர், யார் வீட்டை மலையாளிக்கு விற்றுவிட்டு ஹவுன்ஸ்லோவுக்குப் போனவர் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். மத்தியானம் முடிந்தபோது அந்தத் தாளில் தெற்கு மூலை பச்சைப்பசேலென்று இருந்தது. தலைவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இப்படியொரு வேலையை எந்தக் கணினியாலும் செய்ய முடியாது என்றார். உண்மையாகச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவர் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை என்னிடம் தந்தார். அதை என் மேசை லாச்சியில் வைத்தேன்.

சட்டப்படி ஒரு சமூகத்தைப் பிரிக்காமல் ஒரே வட்டாரத்தில் வைக்கத்தான் முயல வேண்டும், அதற்காகத்தான் கேட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுகூடப் பிற்பாடு சொல்லிக்கொண்டது. பூசும்போது நான் எதையும் யோசிக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது, அதைக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும்தான்.

மூன்று கிழமை கழித்துத் தலைவர் சிவப்புக் கோடுகள் போட்ட வேறொரு தாளைக் கொண்டுவந்தார். ஆளும் கட்சியின் திட்டம். அதைக் கணினியில் ஏற்ற வேண்டியவன் நான். பார்த்த உடனே விளங்கிவிட்டது. என் பச்சையை அப்பத்தை வெட்டுவது மாதிரி மூன்றாக வெட்டியிருந்தார்கள். மூன்று துண்டும் மூன்று வட்டாரத்துக்குப் போயின. எந்த வட்டாரத்திலும் அந்த வீதிகளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பலம் இராது. ஓரிடத்தில் கோடு வீதியின் நடுவால் நேரே போய்க்கொண்டிருந்துவிட்டு, கடைசி ஆறு வீடுகளுக்கு மட்டும் சட்டென்று வளைந்து, பின்தோட்டங்கள் இருக்கும் பின்வளவுகளால் போயிருந்தது.

இந்த இடத்தை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சொன்னேனும்கூட. என்ன சொன்னேன் தெரியுமா? "கோடு இந்த இடத்தில் பின்வளவுகளால் போகிறது. வீதியின் நடுவாலேயே விட்டால் நேர்த்தியாக இருக்கும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், அது மேலிருந்து வந்தது, அப்படியே ஏற்றிவிடுங்கள் என்றார். ஏற்றிவிட்டேன். அதன்பிறகு பல நாள் நான் மறுப்புத் தெரிவித்தவன் என்றே என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆணையம் திட்டத்தை எடுத்துப் பார்த்தது. வட்டாரங்களில் வாக்காளர் தொகை சரிசமமாக இருந்தது, பெரிய வீதிகள் எல்லையாக இருந்தன, பார்ப்பதற்குக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. பொதுமக்கள் கருத்துச் சொல்ல அதே மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தோம். படங்களைப் பலகையில் குத்திவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். கடைக்கார அக்கா வந்து படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அண்ணை, என்ன இது? எங்களை இப்பிடித் துண்டு துண்டா வெட்டினா நாளைக்குச் சென்ரருக்கு ஆர் கதைக்கிறது?"

"இது கணக்குப்படி வாறது அக்கா. எல்லா வட்டாரத்திலயும் ஆக்களின்ர தொகை சமனா இருக்கோணும். அதுக்கேத்த மாதிரித்தான் கோடு போகும்."

"கணக்குத்தானோ?"

"ஓம் அக்கா. கணக்குத்தான்."

"நீங்கள் ஒராள் உள்ளுக்க இருக்கிறியள் எண்டுதான் நாங்கள் பயப்பிடாமல் இருந்தனாங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

புதிய எல்லைகள் முடிவானபோது அந்த வீதிகளின் குடும்பங்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு அரசு அமைப்பு எடுத்த முடிவு சட்டப்படி நேர்மையாக எடுக்கப்பட்டதா என்று நீதிபதியிடம் பார்க்கச் சொல்கிற வழக்கு அது. ஆணையம் எதிராளி, திட்டம் கொடுத்த எங்கள் கவுன்சில் இன்னொரு தரப்பு. கவுன்சில் தன் அரசியல் எதிரியை ஒழிப்பதற்காகத் தமிழ்க் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்து, வேண்டுமென்றே கூறுபோட்டு, அதை மறைத்து ஆணையத்தை ஏமாற்றிவிட்டது என்பதுதான் அவர்களுடைய குற்றச்சாட்டு. வழக்குப் போட ஒருவர் பெயர் வேண்டும். தோற்றால் செலவு தலையில் விழும் என்பதால் மற்றவர்கள் பின்வாங்க, அக்கா தன் பெயரைக் கொடுத்தார்.

கவுன்சிலின் சட்டப் பிரிவில் இந்த வழக்கைப் பார்த்தவர் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். படிக்க வந்து இங்கேயே நின்றுவிட்டவர், முப்பது வயதைத் தாண்டியிருப்பார், மிகவும் கவனமான ஆள். என்னைக் கூப்பிட்டு இருத்தி முதலில் ஆங்கிலத்தில் பாடம் எடுத்தார். இப்படியான வழக்கில் அரசு அமைப்பு ஒளித்து விளையாட முடியாது, தன் கையில் இருப்பது தனக்கே பாதகமானதாக இருந்தாலும் நீதிமன்றத்தின் முன் வைத்தாக வேண்டும் என்றார். தமிழர் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று காட்டும் ஆவணம் ஏதாவது கவுன்சிலிடம் இருந்ததா என்று கேட்டார்.

வேலைக் கோப்பில் உள்ளதையெல்லாம் ஏற்கனவே அனுப்பிவிட்டேன் என்றேன். அது உண்மைதான். பச்சைத் தாள் கோப்பில் இல்லை, லாச்சியில் இருந்தது. இந்த மாதிரிக் கெட்டித்தனங்கள் உங்களுக்கும் வரும், பிள்ளைகளே. கேட்ட கேள்விக்கு அருகிலுள்ள இன்னொரு கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லிவிட்டு எழுந்து வருவது. அவர் என் வாக்குமூலத்தைத் தயாரித்துத் தந்தார். எல்லைகள் வாக்காளர் தொகையையும் வீதிகளையும் அடிப்படையாகக் கொண்டே வரையப்பட்டன என்று அதில் இருந்தது. கீழே, இது உண்மையென நம்புகிறேன் என்ற வரிக்கடியில், நான் கையெழுத்து வைத்தேன்.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். மகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். பென்சனுக்குச் சில வருடங்கள்தான் இருந்தன. தலைவர் எனக்கு எத்தனையோ உதவி செய்தவர். எல்லாமே உண்மை. ஆனால் இவற்றை நான் காரணமாகச் சொல்ல, நீங்கள் அனுதாபத்தோடு தலையாட்ட, அப்படியே பிழைத்துப் போய்விட எனக்கு விருப்பமில்லை. முதல் காரணம் இவை எதுவும் அல்ல. அந்தத் தாள் வெளியே வந்தால் அதைப் பூசியவன் நான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். கோயிலில், கலியாண வீட்டில், மரண வீட்டில் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பயம்தான்.

வழக்கு ஸ்ட்ராண்ட் வீதியில் உள்ள உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. இப்படியான வழக்குகளில் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவதில்லை, எழுத்தில் கொடுத்ததை வைத்து வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். ஏதாவது விளக்கம் தேவைப்பட்டால் கேட்பதற்காக என்னைச் சட்டப் பிரிவுப் பெண்ணுக்குப் பின்வரிசையில் இருத்தியிருந்தார்கள். அறை சிறியது. அக்கா எனக்கு இடது பக்கத்தில், நாலு கதிரை தள்ளி, கறுப்புக் கோட்டின் பொத்தான்களை எல்லாம் பூட்டிக்கொண்டு இருந்தார்.

அவர்களுடைய வழக்கறிஞர் நன்றாகவே பேசினார். கோடு போன போக்கைப் பாருங்கள், இது தற்செயலாக நடக்கக் கூடியதா என்று கேட்டார். நீதிபதி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தமிழர் வசிக்கும் வீடுகள் எவை என்று கவுன்சிலுக்குத் தெரிந்திருந்ததா, அப்படியான ஏதாவது ஆவணம் எப்போதாவது இருந்ததா, நேரடியாகச் சொல்லுங்கள் என்றார். எங்கள் வழக்கறிஞர் திரும்பிச் சட்டப் பிரிவுப் பெண்ணைப் பார்த்தார். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். நீதிபதிக்கும் வழக்கறிஞர்களுக்கும் விளங்காது என்று நினைத்து, குனிந்து, மெதுவாகத் தமிழில் கேட்டார்.

"அங்கிள், உண்மையிலேயே ஒண்ணும் இல்லையா? பென்சில்ல கிறுக்குனதா இருந்தாலும் பரவால்ல. இருந்தா இப்பவே சொல்லிருங்க. இப்ப சொன்னாக்கூட நான் பாத்துக்கிறேன்."

நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் நாலைந்து மூச்சு விடும் நேரம் இருந்திருக்கும். நீதிபதி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இருக்கிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும். வழக்கு திரும்பிவிடும், மண்டபம் தப்பும், அந்த மனிதர் சென்ரருக்குப் போய் வருவார். எல்லாம் அந்த நேரம் எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

"இல்லை" என்றேன்.

ஆங்கிலத்தில் நான் சொன்னதெல்லாம் சுற்றிவளைத்த உண்மைகள். முழுப் பொய்யைத் தமிழில்தான் சொன்னேன். அந்தப் பெண் முன்னே திரும்பி வழக்கறிஞரிடம் தலையாட்ட, அவர் எழுந்து நின்று, அப்படி எந்த ஆவணமும் இல்லை என்று நீதிபதிக்குச் சொன்னார்.

மத்தியான இடைவேளையில் வெளியே ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அக்கா தன் ஆட்களுக்காக ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். அதில் இரண்டை ஒரு ரிஷ்யூ பேப்பரில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கன்ரீன் சாப்பாடு ஒண்டும் வாயில வைக்கேலாது. இதைச் சாப்பிடுங்கோ அண்ணை."

வாங்கிக்கொண்டேன். அவர் உடனே போகவில்லை, கொஞ்ச நேரம் என் முன்னால் நின்றார். நான் ரோல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போய்விட்டார். நான் இரண்டையும் தின்றேன்.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. கோட்டின் போக்கு சந்தேகத்தை எழுப்புகிறது, ஆனால் கவுன்சிலுக்கு வீடு வாரியாகத் தெரிந்திருந்தது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, சந்தேகத்தை வைத்து மட்டும் எல்லைகளை ரத்துச் செய்ய முடியாது என்பது அதன் சாரம். அலுவலகத்தில் தலைவர் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தார். அடுத்த தேர்தலில் அந்த ஆசிரியை தோற்றார். அதற்கடுத்த வருடம் சென்ரரை மூடினார்கள். அக்கா கடையின் உள்ளே, அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு சாய்கதிரையைப் போட்டுக் கணவரை இருத்தினார். ஆட்கள் மீனுக்கு வந்து நிற்பார்கள், அவருக்கு மலசலகூடம் போக வேண்டிவரும், அக்கா கையைக் கழுவிக்கொண்டு ஓடுவார். காத்து நின்ற ஆட்கள் மெல்ல மெல்ல வேறு கடைக்குப் போகத் தொடங்கினார்கள்.

இதெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. நான் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பக்கத்து நோர்பரியில் வாங்கலாம், ஆனால் அங்கே அக்காவின் சொந்தக்காரர் இருந்தார்கள். ஆகவே மீனுக்காகச் சட்டனிலிருந்து ஹவுன்ஸ்லோவரை போனேன். சனிக்கிழமை நெரிசலில் ஒரு விளைமீனுக்காக ஒன்றரை மணித்தியாலம் கார் ஓட்டுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே மீன் நல்லது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை.

வேலையின் கடைசிக் கிழமையில் லாச்சியைத் துப்புரவாக்கும்போது அந்தத் தாள் கையில் வந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன், அது எந்த லாச்சியில் எந்தத் தாளுக்கடியில் இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும். அதை உருட்டி எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற அடுத்த நாள் காலை, கடை திறந்த உடனே போனேன். கணவர் சாய்கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் கண்டவர்போல இடது கையை உயர்த்தினார்.

தாளை விரித்து மேசையில் வைத்தேன். "அக்கா, இது நான் கீறினது" என்றேன்.

அவர் ஒருமுறை பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் அண்ணை."

"எப்பிடி?"

"எங்கட ரோட்டுக் கடைசி ஆறு வீடு. கோடு அதில மட்டும் வளைஞ்சு பின்னால போனதெல்லோ. நாங்கள் ஆறு வீடும் குருநகர்க் கத்தோலிக்க ஆக்கள். இடாப்பில எங்கட பேர் என்ன? பெனடிக்ற், அல்போன்ஸ், றெஜினா. வெள்ளைக்காரன் பாத்தா இத்தாலிக்காரர் எண்டுதான் நினைப்பான். நாங்கள் தமிழர் எண்டு தெரிஞ்ச ஆள் அந்தக் கவுன்சிலுக்குள்ள ஆர்? எங்களிட்ட மீன் வாங்க வாற நீங்கள் ஒராள்தான்."

தலைவர் தடவிய மஞ்சளில் அந்த ஆறு வீடுகளும் இருக்கவில்லை. விடுபட்டவர்களைச் சேர்க்கிறேன் என்று பச்சை பூசியவன் நான். அவர்களைக் கண்டுபிடித்ததைத்தான் அன்று எல்லாவற்றிலும் பெரிய கெட்டித்தனமாக நினைத்திருந்தேன்.

"அப்ப ஏன் உங்கட லோயரிட்ட இதைச் சொல்லேல்லை? சொல்லியிருந்தா என்ர மேசையைச் சோதிச்சிருப்பினம். வெண்டிருப்பியள்."

"சொன்னா உங்களுக்கு வேலை போயிருக்கும். உங்கட பெடியன் அப்ப படிச்சுக்கொண்டிருந்தவன்." ஒரு ஈரத் துணியால் மேசையின் விளிம்பைத் துடைத்தார். தாளில் ஈரம் படாமல் கவனமாகத் துடைத்தார். "காட்டிக்குடுக்க எனக்கு மனம் வரேல்லை. நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். கோர்ட்டில அந்தப் பிள்ளை திரும்பித் தமிழில கேட்டது எனக்கும் கேட்டது அண்ணை. நீங்கள் சொன்னதும் கேட்டது."

ரோல்ஸோடு வந்து என் முன்னால் அவர் எதற்காக நின்றார் என்று அப்போதுதான் விளங்கியது. வழக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை. மத்தியானத்துக்குப் பிறகுகூடச் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் நின்றிருக்கிறார். நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"இப்ப எழுதிக் குடுக்கிறன் அக்கா. எல்லாருக்கும் எழுதிறன்."

"எழுதுங்கோ. ஆனா சென்ரர் இருந்த இடத்தில இப்ப ஃப்ளாட் கட்டி ஆக்களும் குடிவந்திட்டினம்."

எழுதினேன். தாளின் பிரதியோடு கவுன்சிலுக்கும் ஆணையத்துக்கும் கடிதம் அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம், கவனத்தில் எடுத்துள்ளோம் என்று பதில்கள் வந்தன. வழக்கைத் திரும்ப எடுக்கும் காலம் கடந்துவிட்டது என்று அக்காவின் லோயர் சொன்னார். சட்டப் பிரிவுப் பெண் இப்போது வேறிடத்தில் வேலை செய்கிறார். அவருடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். "அங்கிள், நீங்க சொன்னத நம்பி நாந்தான் கோர்ட்டுக்கு இல்லைன்னு சொல்ல வெச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இதில் உங்களுக்குப் பாடம் எடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் வேலைக்கு உதவும் ஒன்றிரண்டைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதிப் பயனில்லை. உங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் யாராவது அன்பாகக் கேட்பார்கள். எத்தனையோ வருடம் யாரும் எதுவும் கேட்காத இடத்தில் அப்படிக் கேட்கும்போது மனம் குளிர்ந்துவிடும். எதற்கு என்று கேளுங்கள், எழுத்தில் தரச் சொல்லுங்கள். கோடு பிழை என்று தெரிந்தால், நேர்த்தியாக இல்லை என்று சொல்லாதீர்கள், பிழை என்று சொல்லுங்கள். சொல்லும் நேரம் தவறிவிட்டது என்று நினைத்தாலும் அன்று பின்னேரமாவது சொல்லுங்கள். எனக்கு வழக்கன்று காலை ஒரு சந்தர்ப்பமும் மத்தியானம் ஒரு சந்தர்ப்பமும் தந்தார்கள், இரண்டையும் விட்டேன்.

இதை மலருக்கு அனுப்புவதற்கு முன்னால் அக்காவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். மீன் வெட்டிக்கொண்டே கேட்டார். அவருடைய பெயர் வரும் இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன்.

"என்ர பேர் கோர்ட்டுப் பேப்பரில வந்ததே போதும். இதில உங்கட பேரைப் போடுங்கோ" என்றார்.

என் பெயர் செல்லையா நடேசமூர்த்தி.